கூட யாரு?

“கூட யாரு வர்றாங்க?”

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு லாட்ஜில், இரவு ஒன்பது மணிக்கு என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. பெயர் கேட்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்கவில்லை. ஏசியா சாதாவா என்றுகூடக் கேட்கவில்லை. யாரும் வரவில்லை, நான் மட்டும்தான் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு யாராவது பின்னால் வரலாம் என்று நினைத்தார் போல. யாரும் வரவில்லை. “ரூம் இல்லைங்க” என்றார். அவருக்குப் பின்னால் பலகையில் பதினைந்து இருபது சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு நாற்பத்தாறு வயது. தமிழில் முனைவர் பட்டம். இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மூன்று கவிதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அன்றிரவு இவை எல்லாவற்றையும் அந்த மேசையின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கல்லூரி அடையாள அட்டை, ஆதார், கருத்தரங்க அழைப்பிதழ். அந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் சங்ககாலப் பெண்பாற் புலவர்கள் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கம். ஔவையார் பற்றி நான் கட்டுரை படிக்க வேண்டும். கருத்தரங்க நாட்களுக்கு அவர்களே தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நான்தான் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பி வந்தேன். ஔவையைப் பற்றி இருபது வருடம் பேசியிருக்கிறேன், அவள் வந்து தங்கிய தகடூரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஊர் நடுவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, கோட்டைக் கோயில், நடுகற்கள், அதியமான்கோட்டை, முடிந்தால் ஒகேனக்கல் என்று தனியாகச் சுற்றிவிட்டு வரலாம் என்று ஆசை. ஓர் ஆண் பேராசிரியருக்கு இது ஆசைகூட இல்லை, சாதாரண வார இறுதி.

இரண்டாவது லாட்ஜில், “ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா” என்றார்கள். நானும் ஒரு ஃபேமிலியிலிருந்துதான் வருகிறேன் என்றேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு இளைஞன் தோளில் பையோடு வந்தான். ஆதாரைக் காட்டினான், பணம் கட்டினான், சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவன் எந்த ஃபேமிலி என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பப் பேருந்து நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பெங்களூர் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு கூட்டம் தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இந்த மாவட்டத்தில் மழை பொய்த்தாலும் பெய்தாலும் பெங்களூருக்குப் போகும் வண்டியில் கூட்டம் குறைவதில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், என்னைவிடப் பத்து வயது குறைந்தவளாக இருப்பாள், நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “லாட்ஜு எதுக்குங்க்கா? இங்கியே சாய்ஞ்சுக்கோங்க. வண்டி நாலு மணிக்குத்தான், அது வரைக்கும் நான் முழிச்சிட்டுத்தான இருப்பேன்” என்றாள். சாக்கில் எனக்கு இடம் ஒதுக்கினாள். அவளும் தனியாகத்தான் போகிறாள். கேட்டேன். மேஸ்திரி அங்கே இருப்பார், இங்கிருந்து தனிதான் என்றாள். அறை கேட்கும் எண்ணம் அவளுக்கு வந்ததில்லை. அவளிடம் யாரும் “கூட யாரு” என்று கேட்கவுமில்லை. பெண் தரையில் படுத்தால் ஊருக்குக் கவலையில்லை. கதவுள்ள ஓர் அறைக்குள் போய்த் தானே தாழ் போட்டுக்கொள்கிறேன் என்றால்தான் கவலை வருகிறது.

மூன்றாவது லாட்ஜ். “வீட்டுக்காரர் நம்பர் குடுங்க மேடம், ஒரு வார்த்தை பேசிட்டுத் தர்றேன்.” எனக்கு வீட்டுக்காரர் இல்லை. நான் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் என் பெயரில்தான் இருக்கிறது, அந்தக் கணக்கில் வீட்டுக்காரி நானே. அதைச் சொல்லவில்லை. மணி பத்தே முக்கால். அண்ணன் மகனின் எண்ணைக் கொடுத்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. அவன் கல்லூரிக் கட்டணத்தை நான்தான் கட்டுகிறேன். மேலாளர் பேசினார். “ஆமாங்க, எங்க அத்தைதாங்க, குடுங்க” என்று அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல். அறை கிடைத்தது.

இதில் எனக்கு நேர்ந்ததைவிட நான் செய்தது உறுத்துகிறது. வகுப்பில் நான் பேசாத பெண்ணியம் இல்லை. தனக்கென ஓர் அறை வேண்டும் என்று வர்ஜீனியா உல்ஃப் 1929இல் எழுதியதை எத்தனையோ செமஸ்டர் நடத்தியிருக்கிறேன். ஒரே ஓர் இரவுக்கு ஓர் அறை வேண்டியிருந்தபோது, மீசை சரியாக முளைக்காத பையனின் குரலைப் பிணையாக வைத்தேன்.

அந்த அட்டைகளை ஏன் எடுத்து வைத்தேன்? ‘நான் அந்த மாதிரிப் பெண் இல்லை’ என்று நிரூபிக்கத்தான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு இரவு தேவைப்பட்டது. ‘அந்த மாதிரி’ என்று யாரை நினைத்துக்கொண்டு மேலாளர் மறுக்கிறாரோ, அவளை நானும் சேர்ந்துதான் வாசலுக்கு வெளியே தள்ளினேன். பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கும் இரவில் தூக்கம் வரும். அவளுக்கும் பேருந்து தவறும். அவளிடம் கல்லூரி அட்டை இருக்காது. முனைவர் பட்டத்தைக் காட்டி நான் வாங்கும் அறை உரிமை ஆகாது, அது சலுகை. பட்டம் இல்லாதவளுக்குக் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்துவதற்குத்தான் அது உதவும். ஆதாரைப் புரட்டிப் பார்த்துப் பெயரிலிருந்து மதத்தையும், ஊர்ப் பெயரிலிருந்து காலனியையும் மோப்பம் பிடிக்கிற மேசைகள் உண்டு என்று என் மாணவிகள் சொல்லியிருக்கிறார்கள். என் பெயரில் அந்தத் தடங்கல் இல்லை. அந்த வசதியையும் கணக்கில் வைத்துத்தான் நான் புகார் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நம் பெண்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் இரண்டாவது கூறு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமக்களையும் கடை, பொது உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றுக்குள் போகவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. ஓட்டல் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. சேரியிலிருந்து வந்தவனுக்குக் கடைவாசலில் நின்று தண்ணீர் ஊற்றிய நாடு இது, அதனால்தான் அரசை மட்டுமல்லாமல் தனியார் கடைக்காரரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும்படி அந்தக் கூறு எழுதப்பட்டது. பட்டியலில் சாதிக்கு அடுத்த சொல் பால். 2019 டிசம்பரில் கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றது. இருவர் தங்குவதே குற்றமில்லை என்றால் ஒருத்தி தங்குவது எப்படிக் குற்றம்?

“போலீஸ் தொந்தரவு மேடம்” என்பார்கள். போலீஸ் கேட்பது அடையாளச் சான்றும் பதிவேடும். கணவனின் கைபேசி எண்ணைப் பதிவேட்டில் எழுதச் சொல்லும் சட்டத்தை எந்த மேலாளரும் எனக்குக் காட்டவில்லை. “தனியா வந்து ஏதாவது பண்ணிக்கிட்டா?” என்பது இன்னொரு பதில். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. லாட்ஜ் அறையில் உயிரை விட்டவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. அறையைத் திறந்து முதலில் பார்ப்பவர் குறைந்த சம்பளத்துக்கு இரவுக் காவல் இருக்கும் இந்த மனிதர்தான். முதலாளி வீட்டில் தூங்குகிறார், விசாரணைக்கு இவர் அலைய வேண்டும். அவருடைய பயம் பொய்யில்லை. ஆனால் தனியாக வந்த அந்த இளைஞனைப் பார்த்து அவர்களுக்கு ஏன் அந்தப் பயம் வரவில்லை? ஆண்கள் லாட்ஜில் சாவதில்லையா?

சரி, பாதுகாப்பு என்றே வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு ஒரு பெண்ணைத் தெருவில் விடுவது எந்த வகைப் பாதுகாப்பு? பெண்ணின் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் கதவைத் திறப்பார். அறைக்குள் போனபின் நான் செய்ததையும் சொல்கிறேன், ஆண் வாசகர் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். விளக்கை அணைத்துக் கைபேசி வெளிச்சத்தில் கண்ணாடி, கடிகாரம், குளியலறை ஜன்னல் எல்லாம் தடவிப் பார்த்தேன். கதவில் ஒரு துளை இருந்தது, செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டி அடைத்தேன். பதினொன்றரைக்கு அறைத் தொலைபேசி அடித்தது. “தண்ணி ஏதாவது வேணுங்களா மேடம்?” வேண்டாம். பன்னிரண்டுக்கு இன்னொரு முறை. அதன் பிறகு ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். பெண் தனியாக இருக்கிறாள் என்பதை அத்தனை பேருக்கும் தெரியப்படுத்திய அந்த விசாரணைதான் என் பாதுகாப்பைக் குலைத்தது.

மறுநாள் காலை கோட்டைக் கோயிலில் தொங்கும் தூணுக்கடியில் துணியை விட்டு எடுத்துக் காட்டினார்கள். காமாட்சி சந்நிதியின் அடிப்பகுதியில் சின்னச் சின்னதாக ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கின்றன, குனிந்து பார்க்க வேண்டும். நடுகற்களைப் பார்க்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஆநிரை மீட்டுச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன், புலியோடு பொருதுச் செத்தவன். நான் பார்த்த கற்களில் பெண் தனியாக நிற்கவில்லை. நிற்கும் இடத்தில் வீரனின் பக்கத்தில் நிற்கிறாள், அவனோடு தீயில் இறங்கியவளாக. “கூட யாரு” என்ற கேள்விக்குக் கல்லிலேயே பதில் எழுதிக்கொண்டு நிற்கிறார்கள் அவர்கள்.

அங்கிருந்து அதியமான்கோட்டைக்கு நகரப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது “கூட யாரு” என்று கேட்கவில்லை. இந்தத் திட்டத்தை ‘ஓசி’ என்று கேலி செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. வீட்டில் கணக்குச் சொல்லாமல் ஒரு பெண் ஊரைச் சுற்றி வர முடிகிறது என்பது சிறிய விஷயமில்லை. ஆனால் கடைசிப் பேருந்து போன பிறகு? தமிழ்நாடு அரசு சில நகரங்களில் தோழி விடுதிகள் நடத்துகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் ஊர் பார்க்க வந்தவள், வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவள், ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு ஒரு இரவு கால் நீட்ட நினைப்பவள், சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தவள் என்று எல்லாருக்கும் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை வேண்டும்.

அதியமான் கோட்டத்தில் ஔவைக்கும் அதியமானுக்கும் சிலை இருக்கிறது. நாம் எல்லாருக்கும் பழக்கமான ஔவை, கிழவி, கையில் கோல். 1953இல் வந்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்த உருவத்தை நம் கண்ணில் பதித்துவிட்டார். ஆனால் சங்கப் பாடல்களில் இருக்கும் ஔவை வேறொருத்தி. ஐம்பத்தொன்பது பாடல்கள் அவள் பெயரில் இருக்கின்றன, அவற்றில் முப்பத்து மூன்று புறநானூற்றில். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் காமத்தைப் பாடியவள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். அவனோடு பகிர்ந்து கள் குடித்ததைப் பாட்டில் ஒளிக்காதவள். இவள் எப்போது கிழவியானாள்? பிற்காலத்தில் அதே பெயரில் வேறு புலவர்கள் வந்தார்கள், எல்லாரையும் சேர்த்துக் கதை ஒன்று கட்டினார்கள். திருமணம் பேசிய வீட்டிலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டாள் என்பது கதை. அந்தக் கதையை நான் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். பெண் தனியாக ஊர் ஊராகச் சுற்றினாள் என்பதை இந்தச் சமூகத்தால் தாங்க முடியவில்லை. பாட்டு வேண்டும், பாடியவளின் உடல் வேண்டாம். ஆகவே அவள் தலையை நரைக்கவைத்து, கையில் கோல் கொடுத்து, அதன்பிறகே தெருவில் நடக்க அனுமதித்தார்கள். இன்குலாப் தன் ‘ஔவை’ நாடகத்தில் அவளுக்கு இளமையைத் திருப்பிக் கொடுத்தார், அ. மங்கை அதை மேடையேற்றினார். சிலைகள் இன்னும் கிழவியாகத்தான் நிற்கின்றன.

புறநானூற்றின் 206ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பரிசில் தராமல் அதியமான் காலம் கடத்துகிறான், ஔவை அவன் வாசலில் நிற்கிறாள். அவள் பேசுவது அரசனிடம் இல்லை, வாயில் காவலனிடம். தான் யார், எத்தனை பாட்டு எழுதியவள் என்றெல்லாம் அவள் சான்று காட்டவில்லை. உன் அரசனுக்குத் தன்னையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லையா, எங்களுக்கு வேறு ஊரா இல்லை என்கிற பொருளில் பேசிவிட்டு யாழைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். இருபது வருடமாக அந்தப் பாட்டை ‘புலவரின் தன்மானம்’ என்று தலைப்புப் போட்டு நடத்தியிருக்கிறேன். மூடிய வாசலில், காவலனுக்கு முன்னால், ஒரு பெண் தனியாக நிற்கிறாள் என்பதைப் பாடத்தில் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. எனக்கே உறைத்ததில்லை.

அதியமான் பெயர் உள்ள கல்வெட்டு ஒன்று 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில் கிடைத்தது. தமிழ்ப் பிராமியில் ஒரே ஒரு வரி. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது அதன் செய்தி. பாளி என்றால் துறவிகள் தங்கும் குகை உறைவிடம். அரசன் தன் பெயரைப் போரை வைத்துப் பொறிக்கவில்லை, ஊர் ஊராய்த் திரிகிறவர்களுக்குப் படுக்க இடம் கொடுத்ததை வைத்துப் பொறித்தான். நம் பழைய சத்திரங்களும் அப்படித்தான். ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரம் மதுரையில் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்குத் தஞ்சை மராத்தியர் முத்தம்பாள் என்ற பெண்ணின் பெயரை வைத்தார்கள். வழியில் பிரசவ வலி வந்த பெண்ணுக்கு மருந்தும் கவனிப்பும் அந்தச் சத்திரங்களில் கிடைத்தன. பழமையைப் புகழ எனக்கு ஆசையில்லை. சத்திரத்துச் சாப்பாட்டுப் பந்தியில் சாதி இருந்தது. ஆனாலும் ‘தமிழர் விருந்தோம்பல்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள், பெண்ணுக்கு அறை மறுக்கும் மேசைக்கு முன்னால் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போனேன். சிறையில் தொழுநோய் தொற்றி வெளியே வந்தவர். தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தபோது, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23இல் இங்கேதான் இறந்தார். வண்டி மறுக்கப்பட்டால் நடந்தாவது போவேன் என்ற அவருடைய பிடிவாதம் எனக்கு வேண்டியிருந்தது. அவர் கனவு கண்ட பாரத மாதா ஆலயத்தை அரசு இங்கே கட்டியிருக்கிறது. நாட்டைப் பெண்ணாக்கினால் அவளுக்குக் கட்டடம் கிடைக்கிறது.

ஒகேனக்கல்லை ஊர் முழுக்கப் புகழ்ந்தாகிவிட்டது, நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆண்கள் உள்ளாடையோடு பாறையில் மல்லாந்து படுத்து எண்ணெய் தேய்த்து அடித்துப் பிடித்துவிடச் சொல்லிக் கண்ணை மூடிக் கிடந்தார்கள். பொது இடத்தில் கண்ணை மூடிப் படுக்கிற அந்த நிம்மதியைக் கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பரிசலில் ஒருத்திக்காக முழுக் காசு கொடுக்க மனமில்லாமல் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து ஏறினேன். அந்த வீட்டுப் பெண், “தனியாவா வந்தீங்க?” என்று கேட்டாள். தயாராக வைத்திருந்த எரிச்சலோடு ஆமாம் என்றேன். ஐந்தருவிச் சத்தத்துக்கு நடுவில் அவள் என் காதருகில் குனிந்து, “நல்லா இருக்குங்களா அது?” என்றாள். நல்லா இருக்கும்மா என்றேன். கணவர் திரும்பிப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டாள்.

அரூர் வழியாகத் தீர்த்தமலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன், நேரம் போதவில்லை. ஆனால் அரூர் என்ற பெயரைப் படித்தவுடன் எனக்கு மலைக்கோயில் நினைவுக்கு வருவதில்லை. சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. அந்தப் பெண்கள் எத்தனை முறை பேருந்து ஏறி இந்த நகரத்துக்கு வந்து கோர்ட் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்! அவர்களும் இந்த மாவட்டத்தில் பயணம் செய்த பெண்கள்தான். பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று அரசும் லாட்ஜ் மேசையும் ஒரே குரலில் பேசும்போது நான் வாச்சாத்தியை நினைத்துக்கொள்வது அதனால்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2012 நவம்பர் 7இல், சாதி கடந்து ஒரு பெண் செய்துகொண்ட திருமணத்தைத் தொடர்ந்து, அவள் தந்தையின் சாவுக்குப் பின், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறித் தான் நினைத்த இடத்துக்குப் போனாள் என்பதற்காக மூன்று காலனிகள் எரிந்தன. லாட்ஜ் மேசையில் இருப்பவருக்கு இது தெரியும். பையோடு ஒரு பெண் தனியாக வந்து நின்றால் அவர் மனதில் ஓடுவது அவளுடைய பாதுகாப்பு இல்லை. இவள் யார் வீட்டுச் சொத்து, யார் தேடிக்கொண்டு வருவார்கள், வந்தால் என் கண்ணாடி உடையுமா என்பதுதான். “கூட யாரு” என்பது சாதி கேட்கிற கேள்வி. பெண் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் சாதியின் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியும். நாற்பத்தாறு வயதில் நான் யாரோடும் ஓடிப்போகப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்டாக வேண்டும். பழக்கம்.

தருமபுரியை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூரிலும் சென்னையிலும் இதே கேள்வியை இங்கிலீஷ் கலந்து கேட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் 1907இல், ஹாரியட் ஸ்டான்டன் பிளாட்ச் என்ற பெண்ணுரிமைப் போராளியும் அவர் தோழியும் ஹாஃப்மன் ஹவுஸ் என்ற ஓட்டலில் சாப்பிடப் போனபோது, மாலைக்குமேல் ஆண் துணையில்லாத பெண்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார், தோற்றார். ஆனாலும் போட்டார். தருமபுரியைத் தனியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பெண் சிசுக்கொலைக்காகச் செய்தித்தாளில் அடிபட்ட மாவட்டம் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கேயும் வந்தது. பெயர் கேட்காமல், ஊர் கேட்காமல், கூட யார் என்று கேட்காமல் இங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைத்த படுக்கை அந்தத் தொட்டில்தான். அதில் தப்பிப் பிழைத்தவளுக்கு இன்று இருபது வயதுக்குமேல் ஆகியிருக்கும். அவள் வேலைக்கு நேர்காணலுக்கு இந்த நகரத்துக்கு வந்தால், லாட்ஜில் எந்த அப்பாவின் எண்ணைக் கொடுப்பாள்?

ஒவ்வொரு லாட்ஜ் மேசையிலும் அறை வாடகைப் பட்டியல் மாட்டியிருப்பதுபோல 15(2)ஐத் தமிழில் எழுதி மாட்ட வேண்டும். தனியாக வந்த பெண்ணுக்கு அறை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பொய்க் காரணமென்றால் உரிமம் போக வேண்டும். மகளிர் ஆணையம் என்ற ஒன்று இருப்பது இதற்கெல்லாம்தான். இவை எல்லாம் வரும்வரை நாம் என்ன செய்வது? கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழியில்லை. எண்ணைக் கொடுக்காமல் நிற்க வேண்டும். நான் அன்று செய்யாததைத்தான் சொல்கிறேன், தெரிந்தேதான் சொல்கிறேன்.

அறையைக் காலி செய்யும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தங்குபவர் பெயர் என்ற இடத்தில் என் அண்ணன் மகனின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘அத்தை’ என்று எழுதியிருந்தார்கள். வாடகை கட்டியவள் நான், படுத்தவள் நான், தொலைபேசி ஒயரைப் பிடுங்கியவளும் நான். பதிவேட்டின்படி தருமபுரியில் அந்த இரண்டு இரவும் தங்கியவன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். பேனாவை எடுத்தேன். “ரெஜிஸ்டர்ல அடிச்சு எழுதக் கூடாதுங்க மேடம்” என்றார் பகல் மேலாளர். அடித்து என் பெயரை எழுதினேன். அவர் பதிவேட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். முன்பணத்தில் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். ஒயருக்காம்.

ஊருக்குத் திரும்பியதும் முதுகலை மாணவிகளிடம் இதைச் சொன்னேன். ஒரு பயணம் போகலாம் என்று அவர்களே சொன்னார்கள். ஆறு பேர், ஆறு வெவ்வேறு லாட்ஜ், தனித்தனியாகப் போய் அறை கேட்பது, யாருடைய எண்ணும் கொடுக்காமல் இருப்பது, என்ன பதில் வந்தது என்று எழுதி வைப்பது. மறுநாள் எல்லாரும் சேர்ந்து நடுகல் பார்க்கப் போவது. அறை கிடைக்காதவளுக்கு அறை கிடைத்தவள் இடம் கொடுக்க வேண்டும். தேதி இன்னும் முடிவாகவில்லை. ஐந்து பேர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆறாவது பெண்ணின் அப்பா என் எண்ணைக் கேட்டிருக்கிறார், கூட யார் யார் வருகிறார்கள் என்று பேச வேண்டுமாம்.